ஊதா விளக்குக்கு வைத்த பொட்டு

ஜமீலா இரண்டு அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவை பிரிய மாட்டேன் என்றன. கொஞ்சம் பலமாக இழுத்ததும் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். கீழ் அட்டையில் அச்சாகியிருந்த சோப்புப் பெண்ணின் கன்னம் மேல் அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வெளியே ஓசூரின் காலைப் பனி இன்னும் விலகவில்லை. அந்த அச்சு ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அது மெல்ல உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கன்னம் போன அந்தப் பெண்ணை ஜமீலா என் முன்னால் மேஜையில் வைத்தாள். அப்படிக் கெட்டுப்போன அட்டைகள் பக்கத்தில் இடுப்பளவு அடுக்கியிருந்தன.

“காயவே மாட்டேங்குதுண்ணா,” என்றாள்.

அவளுக்கு வேலை போகப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். தொண்ணூறு பிறந்தும் இருக்கலாம். எனக்கு வருடங்கள் நினைவில் நிற்பதில்லை, வாசனைகள்தான் நிற்கின்றன. அந்தக் காலை முழுக்க வார்னிஷ் வாசனையும், அதன் மேல் மிதக்கும் இன்னொரு வாசனையும். அந்த இன்னொன்றுக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

பெரிய கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன், மேலதிகாரியிடம் வாய் வளர்த்து வெளியே வந்தேன் என்பதை இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்கள் அறிவார்கள். அதன்பிறகு ஒரு பழைய மொபெட், ஒரு கித்தான் பை, பைக்குள் மீட்டர், இவற்றோடு அத்திப்பள்ளி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை சுற்றிக்கொண்டிருந்தேன். எது கெட்டாலும் பார்ப்பேன். ஆனால் என்னைத் தேடி ஆள் அனுப்பியது பெரும்பாலும் யூ.வி. என்ற புற ஊதா லாம்புகளுக்காகத்தான். அந்தப் பக்கம் அதைத் தைரியமாகத் திறந்து பார்ப்பவர்கள் அப்போது குறைவு.

விஷயம் இதுதான். அச்சடித்த அட்டையின் மேல் பளபளப்புக்காக ஒரு வார்னிஷ் பூசுவார்கள். அதைக் காற்றில் காயவைத்தால் நாள் கணக்காகும். இந்த லாம்புக்கு அடியில் ஒரு முறை ஓடவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். லாம்ப் பார்க்க ஒன்றுமில்லை. முழங்கை நீளத்துக்கு மேல் கொஞ்சம், விரல் கனத்தில் ஒரு குவார்ட்ஸ் குழாய். உள்ளே துளிப் பாதரசம். இரண்டு முனையிலும் வெள்ளைப் பீங்கான் தொப்பி.

ஆனால் அது எரியத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும். முதலில் வெட்கப்படுவதுபோல மங்கலாக ஒரு ரோஸ் நிறம். பிறகு வெளுக்கும். பிறகு மெல்ல மெல்ல நீலமும் ஊதாவும் ஏறி, உள்ளே ஒரு குச்சி வெளிச்சம் கெட்டியாகிக்கொண்டே போகும். வெல்டிங் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நான் என்னை மறந்து நின்ற நேரங்களைச் சேர்த்தால் ஒரு சின்ன ஆயுளே தேறும். வேலை நேரத்தில் கனாக் காண்கிறவன் என்று என் மனைவி சொல்வாள். கண்டதில் பாதி ஊதாக் கனாதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் பார்க்கும் அந்த ஊதா வேலை செய்வதில்லை. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.

தெரியாத வெளிச்சம் கடிக்கவும் செய்யும். தொழிலுக்குப் புதிதில் ஒருமுறை, மூடியை லேசாகத் தூக்கி வெறுங்கண்ணால் எட்டிப் பார்த்தேன். பார்க்கும்போது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு கண்ணிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டது போலிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் கைக்குழந்தைக்காரி. இரக்கப்பட்டுச் சங்கில் தாய்ப்பால் கொடுத்தனுப்பினாள். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணில் விட்டாள். கழுதை வயதில் மறுபடி தாய்ப்பால் கண்டவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை இரண்டு தரம் பார்ப்பேன்.

அந்த இன்னொரு வாசனையைச் சொல்கிறேன் என்றேனே. லாம்ப் எரியும்போது காற்றே கொஞ்சம் மாறிப்போகும். ஓசோன் என்பார்கள். மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு பச்சை நெடி. அதைக் குழாய் வைத்துக் கூரைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும், நெஞ்சுக்கு ஆகாது.

ஆனால் அந்த வாசனை எனக்கு ஜவளகிரியை நினைவுபடுத்தும். காட்டை ஒட்டிய ஒரு பங்களாவுக்கு ஒயரிங் வேலையாகப் போயிருந்தேன். கோடை மழைக்கு முன்னால் ஒரு மின்னல் மிகப் பக்கத்தில் இறங்கியது. இடி ஓய்ந்த பிறகு காடு முழுக்க இதே நெடி. ராகிக் கொல்லையில் நின்ற கிழவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வானம் பல் விளக்குகிறது என்ற மாதிரி எனக்குப் புரிந்தது. என் கன்னடத்தை நம்பவேண்டாம். ஆனாலும் அதன்பிறகு எந்த ஷெட்டில் அந்த நெடி வந்தாலும் எனக்குள் ஒரு காடு விரியும். முதலாளிகள் என்னை மிகவும் யோசிக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விளக்கு வைத்தியம்

ஜமீலாவின் ஷெட்டுக்கு வருகிறேன்.

முதலாளி வெங்கடேசப்பா ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கணக்குப் பார்ப்பது கன்னடத்தில், எங்களிடம் தமிழ். நல்ல மனிதர், பக்தி அதிகம். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விவரம் சொன்னார். முன்பெல்லாம் ஒரு லாம்ப் போட்டால் மாதக்கணக்கில் கவலையில்லாமல் ஓடும். இப்போது வரிசையாக இரண்டு லாம்ப் பாதி ஆயுளில் போய்விட்டன. மூன்றாவதும் அதே வழியில் போகிறது. சோப்புக் கம்பெனிக்காரன் அட்டைகளைத் திருப்பி அனுப்புகிறான்.

“மெஷின் அதேதான், கரண்டு அதேதான். ஓட்டற கை சரியில்ல. இந்த லாம்பும் போச்சுன்னா அந்தப் பொண்ண நிறுத்திடறதா இருக்கேன்,” என்றார்.

ஜமீலா குந்தாரப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் அத்தா அங்கே சந்தையில் மாட்டுக் கயிறும் கழுத்து மணியும் விற்றவர். இடுப்பு விழுந்து படுத்த பிறகு அந்த வீட்டுக்கு இவள் சம்பளம்தான். பேக்கிங்கில் சேர்ந்து, மெஷினை ஓரமாக நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, அந்த யூனிட்டில் யூ.வி. ஓட்டிய முதல் பெண் ஆனாள். இதையெல்லாம் பிற்பாடு அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது, என் மீட்டர் என்ன சொல்கிறதோ அதில் ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்குகிறது என்பதுதான்.

அதனால் வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தேன்.

முதலில் வோல்டேஜ். பக்கத்துக் கொல்லைகளில் பம்ப்செட்டுகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் எங்கள் பக்கம் வோல்டேஜ் படுத்துவிடும், லாம்ப் சோர்ந்துவிடும். இங்கே சரியாகவே இருந்தது. சோக்கில் காதை வைத்துக் கேட்டேன். ஒரே சீரான ரீங்காரம், நோயில்லை. கெப்பாசிட்டர் உப்பவில்லை.

அடுத்து காற்று. இந்த லாம்ப் ஒரு செல்லப்பிள்ளை. காற்று குறைந்தால் சூட்டில் வயிறு தொங்கிவிடும், கூடினால் குளிர்ந்து முழுசாக எரியாமல் முரண்டு பிடிக்கும். புளோயர் அளவாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. லாம்புக்கு மேலே வளைந்த அலுமினியத் தகடு வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிட வேண்டும். அதில் தூசி படிந்தால் பாதி வெளிச்சம் வீண். ஜமீலா அதை முகம் பார்க்கும்படி வைத்திருந்தாள்.

ஓட்டுகிற கையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. காரணம் கிடைக்காவிட்டால் பழி அவள் மேல்தானே நிற்கும்.

செத்த லாம்புகளைக் காட்டுங்கள் என்றேன். பிணத்தைப் பார்த்தால் நோய் தெரியும்.

சாமி அலமாரி

அவை குப்பையில் இல்லை. சூப்பர்வைசர் முருகேசன் என்னை முதலாளியின் அறைக்கே கூட்டிப்போனார். இவர் சிவகாசிப் பக்கத்து ஆள், அச்சு வேலையில் ஊறியவர். அங்கே சாமி படங்களுக்கு மேல் தட்டில், காய்ந்த மாலைக்குப் பின்னால், லாம்புகள் படுத்திருந்தன.

“பூஜை பண்ண சாமானை எப்படித் தூக்கிப் போடுறது? மொதலாளி எடுத்து வச்சிருவாரு,” என்றார் முருகேசன்.

அப்போதுதான் அந்த ஷெட்டின் பழக்கம் எனக்குத் தெரிந்தது. புது லாம்ப் பெங்களூரிலிருந்து வந்ததும் பெட்டியைப் பிரித்து வாழையிலையில் வைப்பார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நிற்பார்கள். முதலாளி கற்பூரம் காட்டி, லாம்பில் மூன்று இடத்தில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைப்பார். அதன்பிறகுதான் மாட்டுவது. புது லாரிக்கும் புது எருமைக்கும் பொட்டு வைக்கிற ஊரில் லாம்புக்கு வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

லாம்ப் அடுத்தடுத்துப் போனதும் முதலாளி பூஜையைக் கூட்டினார். சந்தனம் தாராளமானது. பூஜை கூடக் கூட லாம்ப் சீக்கிரம் போனது, லாம்ப் போகப் போக பூஜை கூடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

கடைசியாகப் போன இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் குழாய் பாலாடை படிந்ததுபோல வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அது மேலே படிந்த கறையில்லை. குவார்ட்ஸே அந்த இடத்தில் கெட்டுப்போயிருந்தது. ஒன்றில் அந்த இடத்திலிருந்து மெல்லிய கீறல் ஓடியிருந்தது.

இந்தக் குழாயை வெறுங்கையால் தொடுவதே குற்றம். விரலின் வேர்வையில் இருக்கும் உப்பு போதும். அந்தச் சூட்டில் அது குவார்ட்ஸுக்குள் இறங்கி, வெளுக்கவைத்து, வெளிச்சத்தை மறைத்து, கடைசியில் உடைத்தும் விடும். கை பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும். வேர்வைக்கே இந்தப் பாடென்றால் சந்தனமும் குங்குமமும் எம்மாத்திரம்.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. முன்பு நன்றாக ஓடிய லாம்புகளுக்கும் இதே பொட்டைத்தானே வைத்திருப்பார்கள்?

ஆறும் நேரம்

எரிந்துகொண்டிருந்த லாம்பைப் பார்க்க அதை அணைக்கச் சொன்னேன். ஒருமுறை அணைத்தால் சூடு ஆறும்வரை தொடவும் முடியாது, மறுபடி ஏற்றவும் முடியாது. எத்தனை பெரிய முதலாளி சுவிட்சைப் போட்டாலும் ஆறாமல் அது எழுந்திருக்காது. முருகேசனும் மற்றவர்களும் டீ குடிக்கப் போனார்கள். புளோயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஜமீலாவும் மெஷினின் இரண்டு பக்கம் நின்றோம்.

பனி விலகி, கூரை இடைவெளியில் ஒரு வெயில் பட்டை இறங்கியிருந்தது. அதில் அட்டைத் தூசி பொன்னாக மிதந்தது. அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடந்ததுபோலத்தான் இருக்கிறது.

பொட்டு வைத்த லாம்பை மாட்டுவது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள். துடைக்காமலா மாட்டுவாய் என்று கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மெஷின் மாட்ட வந்தவரு சொல்லிக் குடுத்தாருண்ணா, கை பட்டா ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கணும்னு. சார் பொட்டு வச்சிட்டு உள்ள போனதும் தொடைச்சிட்டுத்தான் மாட்டுவேன். ஒரு நாளு முருகேசண்ணன் பாத்துட்டாரு. சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கியேன்னு கேட்டாரு. அப்புறம் பேக்கிங்ல எல்லாருமே ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுலருந்து நான் தொடைக்கறதில்ல.”

பொட்டினால்தான் லாம்ப் போகிறது என்று அவளுக்கும் நிச்சயமில்லை. சந்தேகம்தான். சந்தேகத்தையாவது முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வேலையே போகப்போகிறது, வாயைத் திறக்காமல் நிற்கிறாளே என்று.

அவள் கோபப்படவில்லை. கையுறையின் நூல் பிரிந்ததை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“பேக்கிங்ல சரோஜா சொன்னா அது லாம்ப் விஷயம்ண்ணா. நான் சொன்னா வேற விஷயமாயிடும்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழியைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு தினமும் பஸ் ஏறி வருவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். லாம்ப் ஆறியிருந்தது. வெளியே எடுத்தோம். மூன்று இடத்தில் பாலாடை.

முதலாளியின் கேள்வி

வெங்கடேசப்பாவின் மேஜை மேல் லாம்புகளை வரிசையாக வைத்தேன். ஓட்டுகிற கையில் குற்றமில்லை என்று ஆரம்பித்து, வேர்வை, உப்பு, சூடு என்று வெகுதூரம் சுற்றி, கடைசியில் சந்தனத்தில் வந்து நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளுத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ முனகினார்.

“நான் கும்புட்டதுல கெட்டுப்போச்சா?” என்றார்.

“கும்புட்டதுல இல்ல சார், தொட்டதுல,” என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முகம் சுருங்கிப்போனது. பக்தியில் செய்த காரியம் இப்படியாகும் என்றால் யாருக்குத்தான் மனசு விழாது? அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. முன்னால் ஓடிய லாம்புக்கும் நான்தானே பொட்டு வைத்தேன், அதெல்லாம் எப்படி ஓடியது என்று கேட்டார்.

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை. சாமி படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே அச்சு மெஷின் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவரே வெகுநேரம் யோசித்தார்.

“முருகேசன் ஒரு நாளு வந்து சொன்னான், அந்தப் பொண்ணு பொட்ட அழிக்குதுன்னு. நான் அவளக் கேக்கவும் இல்ல, மறக்கவும் இல்ல. மனசுலயே வச்சிக்கிட்டேன்,” என்றார்.

லாம்புகள் நடுவில் கிடந்தன. நான் பையை எடுத்துக்கொண்டபோது, பெங்களூருக்கு ஆள் அனுப்புகிறேன், புது லாம்ப் வந்ததும் நீயும் வா என்றார். ஜமீலாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மொபெட்டை மிதித்துக்கொண்டு போகும்போது எனக்கு அதுதான் உறுத்தியது.

புது விளக்கு

சொல்லியனுப்பினார்கள், போனேன்.

வாழையிலை விரித்திருந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஜமீலா வழக்கம்போலக் கடைசியில், மெஷின் ஓரமாக நின்றாள். முருகேசன் கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றார். சந்தனக் கிண்ணமும் இருந்தது.

வெங்கடேசப்பா கற்பூரம் காட்டினார். கண்ணை மூடி ஏதோ சொன்னார். பிறகு, நான் சொன்னதெல்லாம் காற்றில் போனதுபோல, சந்தனத்தைத் தொட்டுக் குழாயில் மூன்று இடத்தில் வைத்தார். அதன் மேல் குங்குமமும் வைத்தார். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த இடத்தைவிட்டே போய்விடலாம் என்று தோன்றியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஜன்னலில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்தார். கூட்டத்தைத் தாண்டி ஜமீலாவிடம் போனார்.

“வச்சாச்சு, சாமி பாத்தாச்சு. இப்ப நீ தொடைம்மா,” என்றார். சத்தமாகவே சொன்னார். முருகேசன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

யாரும் அசையவில்லை. அவள் கை நீளவில்லை. துணியைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், முருகேசனைப் பார்த்தாள். முருகேசன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைந்து கரி மட்டும் இருந்தது. கண் கலங்கப்போகிறாள் என்று நினைத்தேன். கலங்கவில்லை.

“நீங்களே தொடைச்சிடுங்க சார். நான் புடிச்சிக்கறேன்,” என்றாள்.

கையுறையை மாட்டிக்கொண்டு இலையிடம் வந்தாள். இரண்டு முனையிலும் பீங்கானைப் பிடித்து லாம்பைத் தூக்கி, அவர் முன்னால் ஏந்தி நின்றாள். அவர் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். துணி சிவந்தது. அதை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பி, மறுபடி துடைத்தார். பேக்கிங்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போதும் என்று நினைத்து அவர் நிமிர்ந்தார். ஜமீலா லாம்பை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தக் கடைசியில இன்னும் கொஞ்சம் செகப்பு இருக்கு சார்,” என்றாள்.

அவர் குனிந்து அதையும் துடைத்தார்.